அப்டேட் ஏறி ஓடுகிறது, பிறகு பழைய பதிப்புக்கே திரும்பிவிடுகிறது: யூ-பூட் மாறிகளில் எதை நம்புவது?

கட்டபெட்டுக்காரன்

வணக்கம். கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலைகளில், இலை வாட்டும் டிரஃப் என்ற நீண்ட தொட்டியின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் கருவிகளைப் பராமரிக்கிறேன். உள்ளே பீகிள்போன் பிளாக் என்ற சின்னக் கணினிப் போர்டு, அதைத் தொடக்கிவைக்கும் யூ-பூட், பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்குமாக ஏ/பி என்று இரண்டு ரூட் பார்ட்டிஷன், அப்டேட்டை ஏற்றும் எஸ்டபிள்யூஅப்டேட். இந்த மென்பொருள் தொகுப்பை (இமேஜ்) செய்து கொடுத்தவர்கள் இப்போது போன் எடுப்பதில்லை.

அப்டேட் ஒழுங்காக ஏறுகிறது, புதிய பதிப்பு ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். சில நாளில் போய்ப் பார்த்தால் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் சர்வரிலோ ‘வெற்றி’ என்று பச்சை விளக்கு. ஜூலையில் இந்தத் தொல்லை இல்லை, ஐப்பசி மழை பிடித்ததும்தான் ஆரம்பித்தது. தொட்டபெட்டா மறைப்பதால் எங்களுக்குத் தென்மேற்குப் பருவம் அவ்வளவாக இல்லை, வடகிழக்கில்தான் அடித்து ஊற்றும். கரண்ட் போவதும் அப்போதுதான்.

சீரியல் கேபிள்

திரும்பிப்போன கருவியில், யூ-பூட் சேமித்துவைக்கும் மாறிகளைக் காட்டும் ‘எஃப்டபிள்யூ_பிரிண்ட்என்வ்’ கட்டளையை ஓட்டி, ‘அப்கிரேட்_அவைலபிள்’, ‘பூட்கவுண்ட்’, ‘பூட்லிமிட்’, ‘யூஸ்டேட்’, ‘ரெகவரி_ஸ்டேட்டஸ்’ ஐந்தையும் போடுங்கள். புதிய பதிப்பை ‘நல்லது’ என்று யார், எப்போது உறுதி செய்கிறார்கள் என்பதும் வேண்டும்.

கட்டபெட்டுக்காரன்

அப்கிரேட்_அவைலபிள் 1, பூட்கவுண்ட் 5, பூட்லிமிட் 3, யூஸ்டேட் 1. ரெகவரி_ஸ்டேட்டஸ் என்ற மாறியே இல்லை. உறுதி செய்வது ஒரு ஸ்கிரிப்ட்: சர்வரிலிருந்து பதில் வந்ததும் அப்கிரேட்_அவைலபிளையும் பூட்கவுண்ட்டையும் 0 ஆக்கும். யூஸ்டேட்டைப் படித்துச் சர்வருக்கு அனுப்புவது இன்னொரு ஸ்கிரிப்ட்.

சீரியல் கேபிள்

அப்படியானால் அப்டேட்டில் கோளாறு இல்லை. ரெகவரி_ஸ்டேட்டஸ் என்பது எஸ்டபிள்யூஅப்டேட் வேலையைத் தொடங்கும்போது ‘இன்_பிராகிரஸ்’ என்று எழுதி, வெற்றியானதும் அழித்துவிடும் குறி. அது இல்லை என்றால் எழுதுவது பாதியில் நிற்கவில்லை. யூஸ்டேட் 1 என்றால் ‘ஏற்றியாயிற்று’, அவ்வளவுதான். ஏறியது நல்லதா என்று அதற்குத் தெரியாது. உங்கள் சர்வர் அதை ‘வெற்றி’ என்று படிக்கிறது.

இனி பூட்கவுண்ட், அதாவது எத்தனை தடவை பூட் ஆனது என்ற எண்ணிக்கை. பூட்லிமிட் அதன் வரம்பு. இந்தச் சிப்பில் எண்ணிக்கையை ஆர்டிசி என்ற கடிகாரப் பகுதியின் பதிவேட்டிலும் வைக்கலாம், ஆனால் பீகிள்போன் பிளாக்கில் கரண்ட் போனால் அது அழிந்துவிடும். உங்களுக்கு 5 வரை ஏறியிருப்பதால் எண்விரான்மென்ட்டில் (யூ-பூட் மாறிகளைச் சேமிக்கும் இடம்) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த முறையில் அப்கிரேட்_அவைலபிள் 1 ஆக இருக்கும்வரை ஒவ்வொரு பூட்டிலும் எண்ணிக்கை கூடும், சேமிக்கப்படும். 3ஐத் தாண்டியதும் வழக்கமான பூட் கட்டளையான ‘பூட்சிஎம்டி’க்குப் பதில் ‘ஆல்ட்பூட்சிஎம்டி’ ஓடும், அதாவது பழைய பார்ட்டிஷன். யூ-பூட்டுக்குக் கெர்னல் பேனிக்கும் (லினக்ஸே நிலைகுலைந்து நிற்பது) தெரியாது, இபி கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியும் தெரியாது. இரண்டும் அதற்கு ஒரு பூட். மழையில் சிக்னல் போய்ச் சர்வர் பதில் வராத ராத்திரியில் நாலு தடவை கரண்ட் போனால் போதும், நல்ல பதிப்பும் தோற்றதாகிவிடும்.

மூடுபனி_குன்னூர்

ஒரு யூபிஎஸ் வைத்தால் முடிந்தது!

சீரியல் கேபிள்

யூபிஎஸ் நல்லதுதான், ஆனால் அதன் பேட்டரி வீக்கான அன்று இதே கதை திரும்பும்.

பழைய கெர்னல்

உறுதி செய்யும் நிபந்தனையை மாற்றுங்கள், ஆனால் நெட்வொர்க்கை அடியோடு விட்டுவிடாதீர்கள். சென்சார் எண் வந்தால் போதும் என்று வைத்துவிட்டு, புதிய பதிப்பில் மோடம் டிரைவரே ஏறவில்லை என்றால்? அடுத்த அப்டேட்டை அனுப்ப வழியே இருக்காது. அதனால் மோடம் தெரிகிறதா, சிம்மைப் படிக்கிறதா என்று கேட்கலாம். டவர் கிடைக்கிறதா என்று கேட்கக் கூடாது, அது மென்பொருளின் தப்பு இல்லை. அப்புறம், ஆல்ட்பூட்சிஎம்டி யூஸ்டேட்டை 3 (தோற்றது) என்றும் அப்கிரேட்_அவைலபிளை 0 என்றும் எழுதி, ‘சேவ்என்வ்’ கட்டளையால் சேமிக்கட்டும். இப்போது அது எதையும் எழுதாததால்தான் தோற்ற கருவிக்கும் பச்சை விளக்கு எரிகிறது. சர்வருக்கு ஓடும் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு மாறியை மட்டும் நம்பி நான் எந்த முடிவும் எடுப்பதில்லை.

கட்டபெட்டுக்காரன்

அண்ணா, மிக்க நன்றி. மேசைமேல் ஒரு போர்டில் மாற்றிப் பார்த்தேன். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டேன், சிம் உள்ளேயே இருந்தது. பூட் ஆகி உறுதியானதும் அப்கிரேட்_அவைலபிள் 0 ஆனது. அதன்பின் கரண்டை எத்தனை தடவை பிடுங்கினாலும் பூட்கவுண்ட் ஏறவில்லை. இன்னொரு சந்தேகம்: எண்விரான்மென்ட் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ‘எஃப்டபிள்யூ_என்வ்.கான்ஃபிக்’ கோப்பில் ஒரே வரிதான் இருக்கிறது. பரவாயில்லையா?

சீரியல் கேபிள்

ஒரு வரி என்றால் எண்விரான்மென்ட்டின் ஒரு பிரதி. மாறிகள் சரியாகப் படிக்க வருவதால் யூ-பூட்டும் ஒற்றைப் பிரதியாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது. சேமிக்கும் நொடியில் கரண்ட் போனால் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் பொருந்தாது, யூ-பூட் டீஃபால்ட் எண்விரான்மென்ட்டை எடுத்துக்கொள்ளும், எந்தப் பார்ட்டிஷன் என்பதும் மறந்துபோகும். இரட்டைப் பிரதி வேண்டும், அதற்கு யூ-பூட்டையே மறுபடி கட்ட வேண்டும். கோப்பில் மட்டும் இரண்டாவது வரியைச் சேர்த்துவிடாதீர்கள், இப்போது படிப்பதும் படிக்காமல் போய்விடும். புதிய யூ-பூட்டைத் தொலைவிலிருந்து ஏற்ற வேண்டாம். நேரில் போய், சீரியல் மாட்டி, கரண்ட் போகாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.