ஓடிபி வருகுதே இல்ல, நாளைக்குள்ள காசு அனுப்பணும், அவசரம்!!

ஈச்சிலம்பற்று வாத்தி · வியாழன் இரவு 8.12
வணக்கம். பேங்க் ஓடிபி வருகுதில்ல. ஆறேழு தரம் அடிச்சுப் பாத்திட்டன். தங்கச்சிட கோர்ஸ் காசு நாளைக்கு மத்தியானம் 12 மணிக்குள்ள போகணும். என்ன செய்யலாம்? கெதியா சொல்லுங்கோ.

தம்பலகாமம் 77 · 8.15
எந்த நெட்வேர்க்? என்ன போன்? எங்க இருந்து அடிக்கிறீங்க? "வருகுதில்ல" எண்டு மட்டும் எழுதினா நாங்க என்ன சாத்திரமா பாக்கிறது?

உவர்மலை அண்ணர் · 8.19
தம்பி, இதே கேள்விக்கு நான் முன்னமே விடை எழுதியிருக்கிறன். தேடிப் பாத்தா ஒண்டும் குறைஞ்சு போகாது. இப்ப சில பேங்கில ஓடிபி குறுஞ்செய்தியா வாறதில்ல, செயலிக்குள்ள வரும். செயலிய அப்டேட் பண்ணி, அறிவிப்புக்கு அனுமதி குடுங்கோ. அஞ்சு நிமிஷ வேலை.

ஈச்சிலம்பற்று வாத்தி · 8.31
அண்ணே செயலி இல்ல. போன் போன கிழமை வெருகல் ஆத்துக்க விழுந்திட்டு. இப்ப அப்பாட பழைய பட்டன் போனுக்க என்ட சிம்ம போட்டு வச்சிருக்கன். பேங்க் சைட்டுக்கு லெப்டொப்பில போறன்.

தம்பலகாமம் 77 · 8.33
இத முதல் வரியிலயே சொல்லியிருக்கலாம் வாத்தியார். சரி, வீட்டுக்க சிக்னல் எத்தன கோடு?

ஈச்சிலம்பற்று வாத்தி · 8.46
வீட்டுக்க ஒண்டும் இல்ல. லெப்டொப்புக்கு ரவுட்டர் இருக்கு, கூரைக்கு மேல குழாய் நட்டு அன்டனா ஏத்தினது, ஆனா அது வேற கம்பனி. என்ட சிம்முக்கு கோயில் கிணத்தடியில ரெண்டு கோடு வரும். இங்க பட்டன அமத்திப்போட்டு அங்க ஓடிப்போய் நிண்டு பாத்திட்டுத் திரும்பி வாறன். ஓடிபி எண்டா ஓடிப்போய்ப் பாக்கிறது எண்டு இப்பதான் விளங்குது.

தம்பலகாமம் 77 · 8.48
சிரிப்பா இருக்கு, ஆனா காரணம் அதுதான். அந்த எண்ணுக்கு ஆயுசு ரெண்டு மூண்டு நிமிஷம். நீங்க கிணத்தடிக்குப் போய் வரக்க அது செத்திரும். லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்கே போங்கோ.

ஈச்சிலம்பற்று வாத்தி · 8.50
அங்க ரவுட்டர் எட்டாது. அதோட, ஓடிபி பிந்தி வருகுது எண்டு நான் சொல்லேல்ல. வாறதே இல்ல.

மூதூர் சிம்கடை · 8.57
சுகமான வழி ஒண்டு இருக்கு. அந்த சிம்ம கழட்டி ரவுட்டருக்க போடுங்க. ரவுட்டருக்குள்ள மெசேஜ் பெட்டி இருக்கு, லெப்டொப்பிலயே தொறந்து வாசிக்கலாம். என்ட கஸ்டமர் நாலஞ்சு பேருக்கு செஞ்சு குடுத்திருக்கன்.

தம்பலகாமம் 77 · 9.01
கம்பனி குடுத்த ரவுட்டர் எண்டா பூட்டியிருக்கும், வேற சிம்ம எடுக்காது. எடுத்தாலும் அவர்ட அன்டனா மற்ற கம்பனிட டவரத்தானே பாத்துக்கொண்டு நிக்குது?

மூதூர் சிம்கடை · 9.02
பூட்டுத் தொறக்கலாம். கடைக்குக் கொண்டாங்க.

கிண்ணியா ராத்தா · 9.06
தம்பி, கிணத்தடியில நிக்கக்க கோல் வருதா? யாரையாச்சும் ஒரு மிஸ்கோல் அடிக்கச் சொல்லிப் பாருங்க. மத்தது, அந்த போன்ட மேல் மூலையில கடிதக் கவர் படம் ஒண்டு மினுங்குதா?

லண்டன் திருமலையான் · 9.14
உங்கட கதைய வாசிக்கப் பாவமாக் கிடக்கு. இங்க ஒன்லைனில கார்டால சாமான் வாங்கேக்க ரெண்டாவது சரிபார்ப்ப 2022 மார்ச் 14 தொடக்கம் முழுசா இறுக்கிப் போட்டாங்கள். ஆனா கைபேசி ஒண்டையே நம்பி விடாதேங்கோ, அது இல்லாதவைக்கு வேற வழியும் குடுங்கோ எண்டு பேங்குகளக் கண்காணிக்கிற எஃப்சிஏ சொல்லியிருக்கு. என்ட மாமியிட்ட கைபேசியே இல்ல. பேங்க் அவவுக்கு கல்குலேட்டர் மாதிரி ஒரு பெட்டி அனுப்பியிருக்கு. கார்ட செருகி பின் நம்பர் அடிச்சா அதுவே ஒரு எண் காட்டும். சிக்னல் வேணாம், வயர் வேணாம். கண்ணாடிய எங்க வச்சனெண்டு தேடுறதுதான் அவவுக்கு மிச்சப் பிரச்சினை. வீட்டு லேண்ட்லைனுக்கு கோல் எடுத்து எண்ண வாசிச்சுக் காட்டுற பேங்கும் இருக்கு.

உவர்மலை அண்ணர் · 9.22
அந்தப் பெட்டி மந்திரம் இல்ல. அதுக்குத் தம்பி முறையான ஒரு கணக்கு 2011லயே ஆர்எஃப்சி 6238 எண்ட இணைய விதி ஆவணத்தில எழுதி வச்சாச்சு. ஒரு ரகசியச் சாவி, இப்ப உள்ள நேரம், ரெண்டையும் சேத்தா 30 செக்கனுக்கு ஒருக்கா புது 6 இலக்கம். மணிக்கூடு சரியா ஓடினா நடுக்கடலிலயும் வேலை செய்யும். ஜாவா ஓடின பழைய பட்டன் போனிலயே இதப் போடலாம், லெப்டொப்பிலயும் போடலாம். குறுஞ்செய்தி ஓடிபியே பலவீனமானது. அமெரிக்காவில தரம் நிர்ணயிக்கிற என்ஐஎஸ்டி நிறுவனம் 2017லயே அத மட்டுப்படுத்தவேண்டிய வகையில தள்ளி வச்சிட்டு. உங்கட பேரில ஒருத்தன் வேற சிம் எடுத்தான் எண்டா கதை முடிஞ்சுது. இந்த அடிப்படைய விளங்காமத்தான் எல்லாரும் டவரப் பாத்துக் கத்துறீங்கள்.

தம்பலகாமம் 77 · 9.25
அண்ணே, அந்தப் பொடியன் கிணத்தடியில நிக்கிறான். நீங்க அமெரிக்காவில நிக்கிறீங்க. பேங்க் அந்தச் சாவியத் தந்தாத்தானே லெப்டொப்பில போடுறது?

மூதூர் சிம்கடை · 9.31
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? இங்கால ஊருகள்ல வயசான ஆக்கள் கொமினிகேஷன் கடைக்காரன்ட நம்பரத்தான் பேங்கில குடுத்து வச்சிருக்காங்க. ஓடிபி கடைக்கு வரும், கடையிலயே அடிச்சுக் குடுப்பம். ஒரு நாளும் பிரச்சினை வந்ததில்ல.

உவர்மலை அண்ணர் · 9.33
இது நம்பரா, வீட்டுத் திறப்பா? கடைக்காரனுக்குப் பேரும் தெரியும், கணக்கும் தெரியும், ஓடிபியும் அவன்ட கையில! நாளைக்குக் காசு போனா "ஓடிபி நீங்கதானே குடுத்தது" எண்டு பேங்க் கையை விரிக்கும். உங்கள மாதிரி ஆக்களாலதான் சனம் ஏமாறுது.

மூதூர் சிம்கடை · 9.36
என்னை மாதிரி ஆக்கள் எண்டா? டித்வா புயல் வெள்ளத்துக்க மூதூரும் வெருகலும் கிடக்கக்க ஜெனரேட்டர் போட்டு ஊருக்கே சார்ஜ் ஏத்திக் குடுத்தது என்ட கடை. நீங்க உவர்மலையில பல்கனியில நிண்டு அஞ்சு கோடு எண்ணுறவர். கிண்ணியாப் பாலம் 2009ல வர முதல் மிதவைப் பாதையில ஏறி திருமலை டவுனுக்கு வந்த சனத்திட்ட கேளுங்க, ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் போகும். கடைக்காரன நம்பாம வேற யார நம்புறது?

நிலாவெளிக் காத்து · 9.41
நானா, கோவப்படாதீங்க. உங்கள நம்பலாம். நாளைக்கு நீங்க கடையக் குடுத்திட்டு கட்டாருக்குப் போனா அந்த நம்பர் யாருட்ட இருக்கும்? என்ட பெரியம்மாக்கு இதுதான் நடந்தது. கடை மாறிச்சு, நம்பரும் போச்சு, பேங்கில அத மாத்த மூண்டு தரம் அலைஞ்சா. களவு ஒண்டும் போகேல்ல, அலைச்சல்தான்.

மூதூர் சிம்கடை · 9.43
அது சரி. ஆனா பேசுற முறை ஒண்டு இருக்கு.

உவர்மலை அண்ணர் · 9.44
உள்ளதச் சொன்னன்.

லண்டன் திருமலையான் · 9.52
கோணேசர் கோயிலடியில இருந்து பாத்தா எத்தன டவர் தெரியும் தெரியுமோ? நான் 2019ல வரேக்க…

தம்பலகாமம் 77 · 9.53
அண்ணே தயவு செய்து.

தம்பலகாமம் 77 · 9.58
வாத்தியார், கணக்கில காசு இருக்குத்தானே? விடியக் காலம மூதூருக்குப் போங்கோ. கோர்ஸ்காரற்ற கணக்கும் அதே பேங்க் எண்டா ஏடிஎம்மில எடுத்து சிடிஎம்மில, அதான் காசு வைப்பிலிடுற மெசின்ல, போடலாம், ஓடிபியே தேவையில்ல. வேற பேங்க் எண்டா அடையாள அட்டையோட கவுண்டருக்குப் போய் சிலிப் நிரப்புங்கோ. ஏடிஎம்மில ஒரு நாளைக்கு எடுக்கிறதுக்கு எல்லை இருக்கு, அதையும் பாத்துக்கொள்ளுங்கோ. போன கையோட, ஓடிபிய இமெயிலுக்கும் அனுப்ப ஏலுமா எண்டு கேளுங்கோ. சில பேங்கில படிவம் ஒண்டு நிரப்பினா செய்வாங்கள். உங்களுக்கு லெப்டொப் இருக்கிறபடியா அதுதான் தோது.

கிண்ணியா ராத்தா · 10.07
நான் கேட்ட ரெண்டுக்கும் இன்னும் மறுமொழி வரல்ல. எங்கட வாப்பாட போனில கோல் எல்லாம் வரும், மெசேஜ் மட்டும் வராது. நாங்களும் டவரத்தான் ஏசிக்கிட்டுத் திரிஞ்சம். கடைசியா பாத்தா மெசேஜ் பெட்டி நெறஞ்சு கிடக்கு. ரீலோட் ஓபர், லொத்தர், பெருநாள் வாழ்த்து, ஒண்டையும் அழிக்கல்ல. அந்தப் பழைய போன்கள்ல இடம் கொஞ்சம்தான். நெறஞ்சா கவர் மினுங்கும், புதுசு உள்ளுக்கு வராது.

ஈச்சிலம்பற்று வாத்தி · 10.38
ராத்தா, கவர் மினுங்குது. மிஸ்கோலும் வந்தது. மினுங்கிறது புது மெசேஜ் வந்ததுக்கு எண்டு நினைச்சு நான் கவனிக்கேல்ல. அப்பா 2016ல இருந்து ஒண்டும் அழிக்கேல்ல. ஒவ்வொண்டா அழிச்சுக்கொண்டிருக்கன், எல்லாத்தையும் ஒண்டா அழிக்கிற இடம் எங்க எண்டு தெரியேல்ல.

ஈச்சிலம்பற்று வாத்தி · 11.04
கிணத்தடிக்குப் போனன். ஒம்பது ஓடிபி ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வந்து விழுந்தது. எல்லாம் செத்தது. புதுசா கேட்டா, கனக்க தரம் கேட்டதால கணக்கப் பூட்டிட்டு, கிளைக்கு வா எண்டு காட்டுது.

உவர்மலை அண்ணர் · 11.10
ஆறேழு தரம் அடிக்காதேங்கோ எண்டு சொல்ல இருந்தனான்.

தம்பலகாமம் 77 · 11.11
சொல்லேல்லயே அண்ணே.

ஈச்சிலம்பற்று வாத்தி · வெள்ளி காலை 11.20
காசு போயிட்டு. கவுண்டரில கட்டினன். பூட்டு திங்கள்தான் தொறப்பாங்களாம். எல்லாருக்கும் நன்றி, ராத்தாக்கு விசேஷமா.

தம்பலகாமம் 77 · 11.24
நல்லது. இமெயில் கேட்டீங்களா? என்ன சொன்னாங்கள்?

தம்பலகாமம் 77 · சனி மாலை 5.02
வாத்தியார்?

கிண்ணியா ராத்தா · 5.40
ஆள் போயிட்டார் போல. இதுக்க எழுதினதோட வாப்பாட போனையும் எடுத்துப் பாத்தன். திரும்பவும் மினுங்குது.