கோயில் நிர்வாகமும் கம்பெனி ஆட்சியும்: ஓர் ஐயம்

காவிரிக்கரையான்:
அறநிலையத்துறையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், 1951ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கோயில்கள் அரசின் பிடிக்கு வெளியே இருந்தன என்று ஒரு தரப்பும், அரசர் காலத்திலேயே அந்தப் பிடி இருந்தது என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. இடையில் ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வேற்று மதத்தாரான அவர்கள் கோயில் விவகாரங்களில் ஒதுங்கியா இருந்தார்கள்?

ஏட்டுப்பித்தன்:
ஒதுங்கவில்லை ஐயா, சட்டம் போட்டே உள்ளே வந்தார்கள். கோயில், மசூதி, சத்திரம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட மானிய நிலங்களின் வருமானம் உரிய காரியத்துக்குத்தான் செலவாகிறதா என்று பார்க்கும் பொறுப்பை, சென்னை மாகாணத்தின் 1817ஆம் ஆண்டு ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டம் வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. வாரியத்தின் சார்பில் ஊரில் அதைச் செய்தவர் கலெக்டர். தேர் வடம் இழுக்க ஊர் ஊராக ஆள் திரட்டுவதுகூடக் கலெக்டர் அலுவலகமான கச்சேரியின் வேலையாகிவிட்டது. பக்தி காரணமன்று. நிலவரி வசூலிக்க வந்தவர்களால், ஊரின் நல்ல நஞ்சையில் பெரும்பங்கை வைத்திருந்த கோயிலைக் கண்டும் காணாமல் இருக்க முடியவில்லை.

அவர்களை வெளியேற்றியதும் நம்மவர்கள் அல்லர். கிறித்துவ அரசு விக்கிரக வழிபாட்டை நடத்துவதா என்று மிஷனரிகள் இங்கிலாந்தில் குரல் எழுப்பினார்கள். கோயில் விழாக்களுக்குப் படைவீரர்களை அனுப்பும் வழக்கத்தை ஏற்காத சென்னைப் படைத் தளபதி மெய்ட்லண்ட் பதவியையே துறந்தார். கம்பெனி கோயில்களைக் கைவிட்டபோது, 1843இல் திருமலை நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்தின் தலைவரான மகந்திடம் போயிற்று.

தெற்குவீதி:
மேலே உள்ள பதிலோடு எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. அரசன் கோயிலுக்குக் கொடுத்தவன். 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்' என்று கல்லில் வெட்டச் சொன்ன இராஜராஜனையும் கணக்குப் பார்த்த கலெக்டரையும் ஒரே வரிசையில் நிறுத்தலாகாது.

ஏட்டுப்பித்தன்:
கொடுத்தவனும் கணக்குக் கேட்டான். தஞ்சைக் கல்வெட்டுகள் நகைகளின் எடையைக்கூட விட்டுவைக்கவில்லை. கேட்க ஆளில்லாத காலம் ஒன்று உண்டென்றால், அது கம்பெனி விலகியதற்குப் பிந்தையது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த கோயில் கமிட்டிகளின் உறுப்பினர் பதவி ஆயுளுக்கும் உரியது. அவர்களை அகற்ற நீதிமன்றப் படியேற வேண்டும். நிலங்கள் கைமாறின என்ற முறையீடுகள் குவிந்த பிறகே, பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சி 1925இல் அறநிலைய வாரியச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1951இல் நடந்தது, அந்த வாரியத்தின் இடத்தில் ஆணையரின் கீழ் ஒரு துறை அமர்ந்ததுதான். அச்சட்டத்தின் சில பிரிவுகளை, அதை எதிர்த்து எழுந்த சிரூர் மடம் வழக்கில் உச்சநீதிமன்றம் 1954இல் செல்லாதென்று கூறிவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டம்.