சைட்டேஷன்: மேற்கோளா, எடுத்தாட்சியா, சுட்டலா?

அனைவருக்கும் வணக்கம்.

ஓர் ஆய்வுக் கட்டுரை இன்னொரு கட்டுரையைக் குறிப்பிடுவதை ஆங்கிலத்தில் சைட்டேஷன் என்கிறார்கள், அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்பதுதான் இங்கே பேச்சு. ஐயா, 'மேற்கோள்' பழகிய சொல், அதையே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். பழகிய சொல் என்பதுதான் சிக்கலே. ஓய்வுபெறும் உயிர்வேதியியல் பேராசிரியர் ஒருவரின் விழா மலருக்கு அவருடைய ஆய்வுக் குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் இவரை மேற்கோள் காட்டியுள்ளனர்' என்று அச்சாகிவிட்டது. அதைப் படித்த அவருடைய அம்மா, "அப்படி என்னப்பா பொன்மொழி சொன்னே, எனக்கும் ஒண்ணு சொல்லேன்" என்று கேட்டாராம்.

அந்த அம்மா கேட்டதில் தப்பில்லை. மேற்கோள் என்றால் ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்து வைப்பது. ஆய்வுக் கட்டுரையில் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. ஆலிவர் லவ்ரியும் உடன் உழைத்தவர்களும் புரதத்தின் அளவைக் கண்டறியும் முறை ஒன்றை 1951இல் வெளியிட்டார்கள். உலகிலேயே மிக அதிகமாகக் குறிப்பிடப்பட்ட ஆய்வுக் கட்டுரை அதுதான், 3 லட்சம் தடவைக்கும் மேல். அந்த 3 லட்சத்தில் லவ்ரியின் வாக்கியம் ஒன்றையாவது எடுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 'புரதத்தை லவ்ரி முறையில் அளந்தோம்' என்று எழுதி, பக்கத்தில், கடைசியில் வரும் கட்டுரைப் பட்டியலைக் காட்டும் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

அக்கா சொன்ன 'எடுத்தாட்சி' இதற்கு அழகாகப் பொருந்துகிறது, முறையை எடுத்து ஆண்டிருக்கிறார்கள் இல்லையா. நானும் அதற்கே கை தூக்கியிருப்பேன், வேக்ஃபீல்டு நினைவுக்கு வராமல் இருந்திருந்தால். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட அவருடைய 1998 கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. ஆனாலும் அது பலநூறு முறை குறிப்பிடப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் தவறு என்று காட்டுவதற்காக. மறுப்பவரைப் போய் எடுத்தாண்டார் என்று சொல்ல முடியுமா? எத்தனை முறை குறிப்பிட்டார்கள் என்று கணக்குப் போடும் எந்திரத்துக்கோ பாராட்டும் ஒன்று, திட்டும் ஒன்று. அந்தக் குருட்டுத்தனம் சொல்லிலும் இருக்க வேண்டும், அதனால்தான் 'சுட்டு' பக்கம் வந்தேன். சுட்டிக்காட்டுவது, அவ்வளவுதான், நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பு அதில் இல்லை.

ஆனால் 'சுட்டுக் கட்டுரை' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். யாரிடமிருந்தோ சுட்ட கட்டுரை என்றல்லவா காதில் விழுகிறது! மூலத்தைச் சொல்லாமல் திருடுவதற்கும் மூலத்தைச் சொல்வதற்கும் ஒரே சொல் வந்து நின்றால் பேராசிரியர் என்னைச் சும்மா விடமாட்டார். ஆகவே 'சுட்டல்'. தன் கட்டுரையைத் தானே குறிப்பிட்டுக்கொள்வது 'தற்சுட்டல்', தற்புகழ்ச்சிக்கு அடுத்த வீடு என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்து, சைட்டேஷன் இன்டெக்ஸ், எச்-இன்டெக்ஸ் இரண்டிலும் வரும் 'இன்டெக்ஸ்'. ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக இரண்டு வேறு பொருள்களுக்கும் 'சுட்டெண்' போடுவது சரியில்லை. யூஜின் கார்ஃபீல்டு 1964இல் கொண்டுவந்தது எந்தக் கட்டுரையை எவையெல்லாம் குறிப்பிட்டன என்று தேடித் தரும் பட்டியல். அதற்குச் சொல்லடைவு மாதிரி 'சுட்டலடைவு' போதும். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் சொன்ன எச்-இன்டெக்ஸோ வெறும் ஓர் எண்: தலா 20 சுட்டலாவது பெற்ற கட்டுரைகள் 20 இருந்து, தலா 21 பெற்றவை 21 இல்லையென்றால் உங்கள் எண் 20. இதை 'எச்-எண்' என்றால் முடிந்தது. (இந்தக் கணக்கில் லவ்ரியின் 3 லட்சமும் ஒரே ஒரு கட்டுரைதான், அவருக்கு அதனால் கூடுவது 1. அளவுகோல் எவ்வளவு விசித்திரமானது பாருங்கள்.)

ஆய்விதழ்களை அளக்கும் இம்பாக்ட் ஃபாக்டரைத் 'தாக்கக் காரணி' என்பதும் எனக்கு உறுத்துகிறது. அது எதற்கும் காரணம் இல்லை. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்தவை இந்த ஆண்டு பெற்ற சுட்டல்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. 'தாக்க வீதம்' என்று வைத்துக்கொண்டால் என்ன? தவிர, அது இதழுக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. மலரில் அதையும் பேராசிரியர் பெயரோடு ஒட்டிவைத்திருந்தார்கள், அது என் வேலை இல்லை!

மலரின் இணையப் பதிப்பைத் திருத்த வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். 'இவருடைய கட்டுரைகள் ஆயிரக்கணக்கான சுட்டல்களைப் பெற்றுள்ளன' என்று மாற்றப் போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள், அக்கா குறிப்பாக நீங்கள்.