புதுப்பிப்பு: 1947 மாதிரி ஜீன்ஸ், தண்ணீரில் போட்ட பிறகு

முன்பு கேட்டிருந்தேன்: லீவைஸின் 1947 ஜீன்ஸ் வெட்டில் தைத்த, முன்சுருக்கம் செய்யாத டெனிம், என் இடுப்பு 32, எந்த அளவு எடுக்கலாம் என்று. பலரும் சொன்னபடி 34 எடுத்தேன். சரியாக அமைந்துவிட்டது.

வெந்நீரில் ஊறவைத்து, மொட்டைமாடியில் காயப்போட்டேன். உள்கால் (கவட்டிலிருந்து அடிவரை உள்ள நீளம்) 36 அங்குலத்திலிருந்து 33-க்கு வந்தது. துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்தான் அதிகம் சுருங்கும்; குறுக்கே ஓடும் ஊடை அவ்வளவாகச் சுருங்காது. அதனால் தொடை அகலம் லேசாகத்தான் குறைந்தது. இடுப்புப் பட்டை இப்போது இறுக்கம்தான், ஆனால் போடப்போட இளகும். தயவுசெய்து ஊறவைக்கும் முன் அடியை வெட்டாதீர்கள்.

அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் மாமாவிடம் ஜீன்ஸின் கால்பகுதியை மடித்துக் காட்டினேன். கரையை நகத்தால் நீவிப் பார்த்துவிட்டு, "நாடா திரும்பின கரைப்பா இது" என்றார். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஓரத்தில் திரும்பி வருவதால் கரை பிரியாமல் மூடியிருக்கும்; பழைய குறுந்தறித் (அகலம் குறைந்த தறி) துணிக்கு அதுதான் அடையாளம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

பின்பாக்கெட்டில் ரிவெட் (மூலையைப் பிடிக்கும் உலோகக் குமிழ்) வெளியே தெரியாது, உள்ளே மறைந்திருக்கும். குதிரைச் சேணத்தையும் நாற்காலியையும் கீறியதால் லீவைஸ் 1937-இல் அதை மறைத்தது. பின்னால் இடுப்பை இறுக்கும் பட்டை கிடையாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போனது திரும்பவில்லை.

ஏற்காட்டுக்கு பைக்கில் போட்டுப் போனேன். இடுப்பு உயரமான வெட்டு என்பதால் குனிந்து ஓட்டினாலும் முதுகுப்பக்கம் இறங்கவில்லை.

அப்புறம் ஒன்று: அடிமடிப்புக்குச் சங்கிலித் தையல் போடும் டெய்லர் சேலத்தில் யாராவது தெரியுமா?