கர்ப்பிணிகளுக்குக் குடற்புழு இருப்பது அவ்வளவு சகஜமா?

கேள்வி: ஐந்தாம் மாதம்

முதல் கர்ப்பம், ஐந்தாவது மாதம் நடக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் 9.2-லேயே நிற்கிறது. டாக்டர் மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், அதில் கொக்கிப்புழு முட்டை இருக்கிறதாம். வயிற்றுவலி, பேதி எதுவும் கிடையாது. பூச்சி என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். டாக்டர் பூச்சி மாத்திரை போடலாம் என்கிறார், மாமியார் கூடவே கூடாது என்கிறார். மற்ற கர்ப்பிணிகளுக்கும் இப்படி இருக்கிறதா? குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: லேப் அக்கா

பயப்படாதீங்கம்மா. நான் பரிசோதனைக்கூடத்தில் தினமும் மலம் பார்ப்பவள். இது நிறையப் பேருக்கு இருக்கிறது. மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் உலகில் சுமார் 150 கோடிப் பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கொக்கிப்புழு மட்டுமே 4.4 கோடி கர்ப்பிணிகளுக்கு இருக்கும் என்று 1990-களில் ஒரு மதிப்பீடு வந்தது. ஆனால் நூற்றுக்கு இத்தனை என்று எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரே எண் சொல்ல முடியாது. எல்லோருக்கும் நல்ல கழிப்பறை இருக்கும் இடத்தில் தேடினாலும் கிடைக்காது. வெளியே போகும் பழக்கமும் ஈரமண்ணில் வெறுங்கால் நடையும் இருக்கும் இடத்தில் பாதிக்கு மேல் போவதும் உண்டு.

வயிற்றுவலி இல்லாததில் ஆச்சரியமே இல்லை. கொக்கிப்புழு சிறுகுடல் சுவரைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். வகையைப் பொறுத்து ஒரு புழுவால் நாளுக்கு 0.03 முதல் 0.2 மில்லி வரை ரத்தம் போகும். நூறு புழு இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அசதி, மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் "வயிற்றில் பிள்ளை இருந்தால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் ரொம்ப ஆதங்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு அவ்வளவு மெல்லியது, உள்ளே நாலிலிருந்து எட்டு செல் தெளிவாகத் தெரியும். முட்டையை எண்ணுவதற்காக கிளிசரின் போட்டுத் தயாரிக்கும் ஸ்லைடை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் முட்டை கரைந்து கண்ணுக்கே தெரியாது, ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று போய்விடும். உங்களுக்குக் கண்டுபிடித்தது நல்லதுதான்.

பதில்: மகப்பேறு செவிலியர்

மாத்திரை விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வது முதல் மூன்று மாதத்துக்குப் பொருந்தும். அதற்கப்புறம் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் அல்லது மெபெண்டசோல் 500 மில்லிகிராம் ஒரே வேளை கொடுக்கலாம். கர்ப்பிணிகளில் கொக்கிப்புழுவோ சாட்டைப்புழுவோ 20 சதவீதத்துக்கும், ரத்தசோகை 40 சதவீதத்துக்கும் குறையாத பகுதிகளில், பரிசோதனை செய்யாமலேயே கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதைக் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது. அம்மாவின் ரத்தசோகை கடுமையானால் குழந்தைக்குச் சிக்கல், எடை குறைவாகவோ மாதம் நிறையாமலோ பிறக்கலாம். அதனால் புழு மாத்திரை போட்டாயிற்று என்று இரும்புச்சத்தை நிறுத்திவிடாதீர்கள்.

பதில்: இரண்டு பிள்ளை அம்மா

எனக்குக் கர்ப்பத்தில் மண் தின்ன ஆசை வந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. பிறகு உருண்டைப்புழு என்று தெரிந்தது. அதன் முட்டை மண்ணில்தான் கிடக்கும் என்று டாக்டர் விளக்கினார். இப்படி ஆசை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

ஐந்தாம் மாதம்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நாளைக்கே மாத்திரை போட்டுவிடுகிறேன். என்னிடமிருந்து கணவருக்குத் தொற்றுமா?

லேப் அக்கா

தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது. முட்டை மண்ணில் பொரிந்து, புழுக்குஞ்சு சில நாள் வளர்ந்த பிறகுதான் தோல் வழியாக ஏறும், பெரும்பாலும் பாதம் வழியாக. ஆனால் அவரும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர் என்றால் பரிசோதித்துக்கொள்ளட்டும். நீங்கள் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி மலம் கொடுங்கள், ஒரே வேளை மாத்திரையில் எல்லோருக்கும் முழுசாகப் போய்விடாது. சாம்பிளை எடுத்தவுடனே லேபில் சேர்த்துவிடுங்கள்.