வாட்டர் ராக்கெட் கிளம்பினதும் கவிழுது, ஏன்?

தருமபுரியில ஸ்கூல் கிரவுண்டுல விடுறோம். 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில், பாதி தண்ணி, சைக்கிள் பம்புல 50 பிஎஸ்ஐ காத்தழுத்தம். பத்தடி ஏறினதும் குட்டிக்கரணம்.

பதில் 1: பாதி அதிகம்ணே. மூணுல ஒரு பங்கு, 650 மில்லி போதும். காத்துக்கு இடம் வேணும். கவிழுறது வேற கதை: மூக்குல எடை இல்லை. காலி ராக்கெட்டை நடுவுல நூல் கட்டித் தொங்கவிடுங்க. வால் தாழ்ந்தா மூக்குக் கூம்புக்குள்ள 50 கிராம் களிமண் வெச்சுப் பாருங்க, தாழ்ற பக்கம் மூக்கா மாறணும்.

பதில் 2: வால் பக்கத்துத் துடுப்பை (ராக்கெட் நேரா போக ஒட்டுற இறக்கை) குளூ கன்னுல ஒட்டியிருந்தா அந்த பாட்டிலைத் தூக்கிப் போடுங்க. சூட்டுல பிளாஸ்டிக் இளகி, அந்த இடத்துலதான் வெடிக்கும். டபுள் சைடு டேப் போதும்.

பதில் 3: மினரல் வாட்டர் பாட்டில் வேண்டவே வேண்டாம், சுவர் மெல்லிசு. 60 பிஎஸ்ஐ தாண்டாதீங்க. பசங்க பத்து மீட்டர் தள்ளி நிக்கட்டும்.