மனேஜரின் மெசேஜ் விளங்கவில்லை, வேலை போகப்போகுதோ? அவசரம்

கொக்குவில்காரி:
எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொஞ்ச நாள்தான். மனேஜர் இப்ப வாட்ஸ்அப்பில் "ஐ கான்ற் கெற் மை ஹெட் ரவுண்ட் யுவர் நோட்ஸ், பொப் இன் ருமோரோ" என்று போட்டிருக்கிறா. என்ர குறிப்பைப் பார்த்து அவவுக்குத் தலை சுத்துதாம் என்றுதான் எனக்கு விளங்குது. கோபமோ? வேலையால நிப்பாட்டப் போறாவோ? காணியை ஈடு வைத்துத்தான் வந்தனான். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் உடனே பதில் போடுங்கோ.

ரொறன்ரோ அண்ணை:
தங்கச்சி, முதலில் நல்ல குளிர் ஜக்கெற்றும் சப்பாத்தும் வாங்குங்கோ. நான் ஸ்காபரோவுக்கு வந்த புதிதில் நிலக்கீழ் அறை ஒன்றில் ஐந்து பேர் இருந்தோம். பகலில் பக்ரறி, இரவில் கோப்பை கழுவல். பனிக்குள்ளே பஸ்ஸுக்கு நின்று காது மரத்துப்போகும். அதையெல்லாம் தாண்டித்தான் வந்தோம், நீங்களும் தாண்டுவீங்கள். அப்புறம், இங்கே "ராப் மை ஹெட் அரவுண்ட்" என்றுதான் சொல்வார்கள். "கெற்" என்று நீங்கள் பிழையாக வாசித்திருப்பீர்கள்.

நல்லூரான்:
அண்ணை, அவ வாசித்தது சரி. கனடாவிலும் அமெரிக்காவிலும் "ராப்" அதிகம், லண்டன் பக்கமும் அவுஸ்திரேலியாவிலும் "கெற்". எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை என்பதுதான் கருத்து. நேற்றுவரை நன்றாக இருந்த மனுசன் திடீரென்று செத்துப்போனார் என்றாலும் இதையேதான் சொல்வார்கள், இன்னும் நம்ப முடியவில்லை என்ற மாதிரி. இதில் தலை சுற்றலும் இல்லை, ஏச்சும் இல்லை. தங்கச்சி, எந்த நாடு, என்ன வேலை என்று சொல்லவில்லையே?

பருத்தித்துறைப் பெடியன்:
ஏச்சு இல்லை என்று எப்படி அடித்துச் சொல்லுவீங்கள்? வெள்ளைக்காரர் நேரே ஏசமாட்டார்கள், சிரித்துக்கொண்டே கடிதம் தருவார்கள். இங்கிலாந்து ஸ்பொன்சர் விசா என்றால் வேலை போனபின் குடிவரவைப் பார்க்கிற அமைச்சான ஹோம் ஒஃபிஸ் விசாக் காலத்தைப் பெரும்பாலும் 60 நாளாகக் குறைத்துவிடும். அதற்குள் வேறு ஸ்பொன்சர் பிடிக்க வேணும். இரவோடு இரவாக சொறி எழுதிப் போடுங்கோ.

மானிப்பாய் அக்கா:
சொறி எழுதவே கூடாது! என்ன பிழை என்று தெரியாமல் எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் செய்யாததையும் ஒப்புக்கொண்ட மாதிரி. யூனியனில் சேர்ந்தீங்களா? எனக்கு முதல் வேலை தந்தவர் நம்ம ஆள்தான், கடை வைத்திருந்தவர். கதைக்கும்போது "பிள்ளை, பிள்ளை" என்பார். சம்பள நாளில் மட்டும் ஆளைக் காணக் கிடைக்காது.

ரொறன்ரோ அண்ணை:
அதைச் சொல்லுங்கோ அக்கா. வெள்ளைக்காரனிடம் நேரத்துக்குச் சம்பளம் வந்தது. நம்ம ஆளிடம்தான் கெஞ்சி நிற்க வேண்டி வந்தது.

பருத்தித்துறைப் பெடியன்:
ஊரில் இருக்கிறவைக்கு இது எங்கே விளங்கப்போகுது? போன் எடுத்தால் எப்ப காசு வரும் என்ற கேள்விதான். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்று சொன்னால் நம்பக்கூட மாட்டார்கள்.

சுன்னாகம் நேர்ஸ்:
உங்கள் கதையெல்லாம் பிறகு கதைப்போம், அந்தப் பிள்ளை பயந்துபோய் இருக்கு. தங்கச்சி, எங்கே வேலை? நீங்கள் எழுதிய குறிப்பை அப்படியே போடுங்கோ. ஆளின் பெயர் வேண்டாம்.

கொக்குவில்காரி:
இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லம் அக்கா. நேற்றுப் பின்னேர ஷிஃப்ட், இரண்டு மணிக்குத் தொடங்கினது. "ஹாட் (had) ரீ 5.30, ரிஃப்யூஸ்ட் டின்னர்" என்று எழுதினேன். அங்கே இருக்கிற ஒரு அம்மா தேத்தண்ணி குடித்தா, இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றா. இதில் என்ன பிழை?

சுன்னாகம் நேர்ஸ்:
இங்கேதான் சிக்கல். லீட்ஸ் பக்கம் பலர் மத்தியானச் சாப்பாட்டைத்தான் டின்னர் என்பார்கள், ரீ என்றால் பின்னேரச் சாப்பாடு. உங்கட குறிப்பை மனேஜர் வாசித்தால், ஐந்தரைக்கு வடிவாகச் சாப்பிட்டா, மத்தியானம் சாப்பிடவில்லை என்று வரும். மத்தியானம் நீங்கள் டியூட்டியிலேயே இல்லை. பிறகு எப்படி அவவுக்குப் பிடிபடும்? ஒன்று கேட்கிறேன், அந்த அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கா? இன்சுலின் போடுறவையா?

கொக்குவில்காரி:
ஓம் அக்கா. இன்சுலின் போடுறவை.

சுன்னாகம் நேர்ஸ்:
அப்ப நாளைவரை வைக்கவேண்டாம். இன்சுலின் போட்டபின் சாப்பிடாமல் விட்டால் சீனி மளமளவென்று இறங்கக்கூடும். அதனால்தான் அவ சாப்பிட்டாவா இல்லையா என்று மனேஜருக்குத் தெரியவேணும். இப்பவே வேலைத்தலத்துக்குப் போன் எடுத்து, டியூட்டியில் இருக்கிறவரிடம் சொல்லுங்கோ: நேற்று ஐந்தரைக்குத் தேத்தண்ணி மட்டும் குடித்தா, பின்னேரச் சாப்பாடு சாப்பிடவில்லை. நீங்கள் கதைத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கோ. மனேஜருக்கும் அதையே ஒரு வரியில் மெசேஜ் போடுங்கோ.

கொக்குவில்காரி:
எடுத்தேன் அக்கா. அந்த அம்மா நல்லா இருக்கிறாவாம், காலையில் சீனி பார்த்தவையாம். இனிமேல் எப்படி எழுதுறது? நாளைக்கு ஆரையும் கூட்டிக்கொண்டு போகவா?

சுன்னாகம் நேர்ஸ்:
"பொப் இன்" என்றால் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போ என்ற மாதிரி. ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டம் என்றால் முறையாக அறிவிப்பார்கள், அதற்கு யூனியன் ஆளையோ கூட வேலை செய்கிறவரையோ கூட்டிப்போக உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கு. போனதும் இது முறையான கூட்டமா என்று கேளுங்கோ, கேட்பதில் மரியாதைக் குறைவில்லை. இனிமேல் நேரத்தை 17:30 என்று எழுதுங்கோ. ரீ, டின்னர் என்று மொட்டையாக விடாமல் என்ன சாப்பாடு, எவ்வளவு சாப்பிட்டா, எத்தனை மில்லிலீற்றர் குடித்தா என்று போடுங்கோ. நேற்றைய வரியை வெட்டவோ அழிக்கவோ வேண்டாம். திருத்தத்தை எப்படிப் போடுவது என்று மனேஜரிடம் கேட்டு, எழுதுகிற திகதியும் நேரமும் போட்டுத் தனியாக எழுதி ஒப்பம் வையுங்கோ.